பழைய தையற்பொறிகள்: வாங்கவும் பேணவும் தக்கவை

தையற்பொறி தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. மணமகளோடு சீர்வரிசைப் பொருளாக அது வந்தது; கணவனை இழந்தோர்க்குப் பிழைப்பாக நின்றது; தெருமுனைத் தகரக் கூரையின்கீழ் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. எனினும் அச்சுப்பொறிக்கும் புகைவண்டிக்கும் நம் வரலாற்றெழுத்தில் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. இன்று அப்பழைய பொறிகள் இரண்டு வழிகளில் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. ஒன்று, பழைய இரும்புக் கடையின் தராசு. மற்றொன்று, விடுதிகளின் முகப்பு அலங்காரம். தலை ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் பிரித்து, வார்ப்பிரும்புக் கால்களின்மேல் கண்ணாடிப் பலகையைப் பதித்து மேசையென்று விற்கிறார்கள். தைக்கும் தலை எடைக்குப் போகிறது.

இந்நிலையில், பழைய பொறி ஒன்றை வாங்க விரும்புவோரும், பாட்டியின் பொறியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று தயங்குவோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எது மதிப்புடையது? பழம்பொருள் வணிகர் ‘அரியது’ என்பார். பொறியின் வரலாறு வேறு விடை தருகிறது. ஊசியும் பாபினும் இன்றும் எளிதில் கிடைக்கும் பொறியே பேணத்தக்கது. அவ்வாறு கிடைப்பது, ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் செய்யப்பட்டு, பலரால் படியெடுக்கப்பட்டு, பொதுச்சொத்தாகிவிட்ட எளிய பொறிகளுக்கே. இதனை விளங்கிக்கொள்ளப் பொறியின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

துணி தைப்போர் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்துத் தொழிலாளரிடையே துன்னகாரரையும் எண்ணிக் காட்டுகிறது. துன்னுதல் என்னும் அச்சொல் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது, ஊசி மாறவில்லை. கையூசியின் காது பின்முனையில் இருப்பதால், ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபுறம் சென்று மீள வேண்டும். மறுபுறத்தில் அதைப் பற்றி இழுக்க விரல்கள் வேண்டும். இரும்பால் அந்த விரல்களைச் செய்ய முயன்றோர் தோற்றனர். காதை ஊசியின் கூர்முனைக்கு அருகே கொண்டுவந்தபோதுதான் வழி திறந்தது. அப்போது ஊசி துணிக்குள் இறங்கி ஒரு நூற்கண்ணியை விட்டு மேலேறிவிடலாம். அக்கண்ணியைக் கீழே மற்றொரு நூல் பிடித்துக்கொள்ளும்.

பிரெஞ்சுத் தையற்காரரான பார்த்தெலெமி திமோனியே 1830ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பொறி இவ்வகையினது அன்று; கொக்கியூசியால் சங்கிலித் தையல் போடுவது. பாரிஸ் நகரில் ஏறத்தாழ எண்பது பொறிகளை நிறுவி இராணுவச் சீருடைகளை அவர் தைத்தார். தம் பிழைப்பு பறிபோகும் என்றஞ்சிய தையற்காரர்கள் 1831ஆம் ஆண்டில் தொழிற்கூடத்துள் புகுந்து அவற்றை நொறுக்கினர். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார். நியூயார்க்கில் 1830களிலேயே கூர்முனைக் காதுடைய ஊசியைச் செய்த வால்டர் ஹன்ட், அதற்கு உரிமை கோராமல் விட்டார். ஊசித்தொழில் செய்து வாழும் பெண்கள் வேலையிழப்பர் என்ற அச்சமே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஊக்கு, அதாவது சேப்டி பின், அவருடைய 1849ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. ஹன்ட் விட்ட இடத்தை எலியாஸ் ஹோவ் பிடித்துக்கொண்டார். 1846 செப்டம்பர் 10ஆம் நாள் பூட்டுத் தையலுக்கு உரிமை பெற்றார். தறியில் நாடா ஓடுவதுபோல ஒரு சிறு கூடு கீழ்நூலைச் சுமந்துகொண்டு மேல்நூலின் கண்ணிக்குள் நுழைந்து செல்வதே பூட்டுத் தையல். சங்கிலித் தையலில் முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் பிரிந்துவிடும். பூட்டுத் தையல் அவ்வாறு பிரியாது.

ஐசக் மெரிட் சிங்கர் இக்களத்துக்குப் பிந்தி வந்தவர். நாடக நடிகராக ஊர்ஊராகத் திரிந்த அவர், பாஸ்டன் நகரில் பழுதுக்கு வந்த பிறரது பொறி ஒன்றைக் கண்டு அதைத் திருத்தியமைத்து, 1851 ஆகஸ்டு 12ஆம் நாள் உரிமை பெற்றார். துணியைச் சீராக நகர்த்தும் பற்களின் நான்கசைவு முறையோ ஆலன் வில்சனுடையது. ஆக, ஒரு பொறி நன்றாகத் தைக்க வேண்டுமானால் பலரது உரிமைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. ஓயாத வழக்குகளுக்குப் பின் 1856ஆம் ஆண்டில் ஹோவும் மூன்று பெரிய நிறுவனங்களும் தம் உரிமைகளை ஒரே பையில் போட்டு, பிறரிடம் பொறிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றனர். அக்கூட்டு 1877இல் கடைசி உரிமை காலாவதியானதோடு கலைந்தது; விலையும் விழுந்தது. சிங்கரின் பங்காளி எட்வர்டு கிளார்க் தவணை விற்பனையைத் தொடங்கியதும் அதே 1856இல்தான். நூறு டாலரைத் தாண்டிய விலையைச் சிறிது சிறிதாகக் கட்டலாம் என்ற ஏற்பாடே பொறியை ஏழைகளின் கூரைக்குள் கொண்டுவந்தது. தவணை தவறினால் அதைத் திரும்ப எடுத்துச் செல்லவும் செய்தது.

பழம்பொறி வாங்குவோர்க்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஊசி, தனக்கென ஒரு கூடு வைத்திருந்தது. வீலர் அண்டு வில்சனின் பழைய பொறிகளில் ஊசியே வில்போல் வளைந்திருக்கும். சிங்கர் 1865இல் வெளியிட்ட ‘நியூ பேமிலி’ என்னும் 12ஆம் வகைப் பொறி பிடில் போன்ற அடித்தட்டும் படகு வடிவக் கூடும் கொண்டு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதற்குரிய ஊசி இன்றைய ஊசியன்று. தேடித் திரிந்து, கிடைத்த நாலைந்தைப் பொன்போல் காக்க வேண்டும். இவை காட்சிக்கூடத்துக்கு ஏற்றவை. தைப்பதற்கென வாங்குவோர் இவற்றை வணங்கிவிட்டுக் கடந்து செல்வதே நன்று.

1880களில் நிலை மாறியது. அக்காலத்தை ஒட்டிச் சிங்கர் நிறுவனத்தில் இரு குலங்கள் தோன்றின. ஒன்று, தோட்டா வடிவக் கூடு முன்னும் பின்னும் ஊசலாடும் பொறி. 27, 28 என்றும், பிற்காலத்தில் 127, 128 என்றும் எண் பெற்றது. ஸ்பிங்ஸ் என்னும் எகிப்தியச் சிங்கவுரு பொன்னிறத்தில் தீட்டப்பட்ட பொறிகள் இக்குலத்தவை. ஓசை குறைவு, அழகு மிகுதி, நுண்துணியில் தையல் நேர்த்தி. நீண்டு மெலிந்த பாபின் மட்டும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மற்றொன்று, ‘இம்ப்ரூவ்டு பேமிலி’ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் 15 என்னும் எண்ணைப் பெற்றது. இதில் வட்டமான பாபின் பொறியின் இடப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். கொக்கி அதைச் சுற்றி அரைவட்டமாக அசையும். இவ்வமைப்பை வகுத்தவர்களுள் முதன்மையானவர் பிலிப் டீல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். வீட்டு முகட்டில் சுழலும் மின்விசிறிக்கும் அவரே முன்னோடி. பின்னாளில் உஷா நிறுவனம் இந்திய வீடுகளுக்கு இவ்விரண்டையுமே விற்றது ஒரு சுவையான ஒற்றுமை.

15ஆம் வகையின் பெருமை அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை; அது படியெடுக்கப்பட்டதில் உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிலகங்கள் 1940களின் பிற்பகுதியில் இவ்வகையையே ஒரே அளவுமுறைக்குக் கொண்டுவந்து, ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துமாறு செய்து, எண்ணற்ற பெயர்களில் அமெரிக்காவுக்கு ஏற்றின. நம் நாட்டில் உஷாவும், லூதியானா நகரத்துச் சிறு தொழிற்கூடங்களும் இதே குலத்தைப் பெருக்கின. ஆகவே 1910இல் ஸ்காட்லாந்தில் வார்த்த பொறிக்கு வேண்டிய ஊசியும் பாபினும் இன்று நம் கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நூற்றாண்டு கடந்தும் உணவு குறையாத பொருள் வேறெத்தனை உண்டு?

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 66ஆம் வகையில் பாபின் ஊசிக்கு அருகே மேலிருந்து கிடையாக இறங்கும். 99 அதன் முக்கால் அளவுத் தம்பி. பழைய அமெரிக்க 66களில் சிலவற்றில் அழுத்தும் பாதம் பின்புறமாக மாட்டப்படும். அதற்கு வேறு பாதங்கள் அரிது. 1930களில் வந்த 201, வீட்டுப் பொறிகளுள் மிக நேர்த்தியானது என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே. 1933இல் வெளிவந்த 221 அலுமினிய உடலால் ஐந்து கிலோ அளவே எடையுடையது; விலை எப்போதும் ஏறியே நிற்கும். 306 நல்ல பொறிதான். ஆனால் அது குட்டையான தனி ஊசி கேட்கும். 1960களின் பொறிகளிலிருந்து எச்சரிக்கை வேண்டும். உலோகப் பற்சக்கரம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நுழைந்த காலம் அது. ஆண்டு பல சென்றபின் அது வெடித்துத் தெறிக்கும்.

கிளாஸ்கோ நகருக்கு அருகே கிளைடுபேங்கில் 1885இல் திறக்கப்பட்ட கில்போவி தொழிற்சாலையைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு வந்த பழைய சிங்கர்களுள் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. அதன் மணிக்கூண்டில் கடிகார முகம் ஒவ்வொன்றும் 26 அடி விட்டமுடையது. 1911இல் ஏறத்தாழ 11,000 தொழிலாளர் அங்கே வேலைநிறுத்தம் செய்தனர். 1913ஆம் ஆண்டில் மட்டும் 13 இலட்சம் பொறிகள் வெளியேறின. 1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் கிளைடுபேங்கைத் தாக்கியபோது, பொறிப்பெட்டிகளுக்கான மரக்கிடங்கு தீப்பற்றி எரிந்தது. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அருகிலுள்ள புகைவண்டி நிலையம் மட்டும் சிங்கர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

பொறியின் அடித்தட்டில், வலப்பக்கத் தூணருகே ஓர் எண் பொறித்திருக்கும். 1900 முதல் அவ்வெண்ணுக்குமுன் ஆங்கில எழுத்து சேர்ந்தது. ஜி என்றால் அமெரிக்க எலிசபெத்போர்ட். எஃப், ஜே, ஒய் முதலியன கில்போவிக்கு உரியவை. இவ்வெண்ணைக்கொண்டு காணும் ஆண்டு, அந்த எண்தொகுதி ஒதுக்கப்பட்ட ஆண்டேயன்றிப் பொறி விற்கப்பட்ட ஆண்டு அன்று. மேலும் ஒரு மயக்கம் உண்டு. சில பொறிகளின் பதக்கத்தில் 1851 என்றிருக்கும். அதைக் காட்டி, நூற்றெழுபது ஆண்டுப் பழமை என்று விலை சொல்வார்கள். அதே பதக்கத்தில் 1951 என்றும் இருப்பதை உற்று நோக்க வேண்டும். அது நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவுப் பதக்கம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இப்பொறி வேரூன்றிய விதமும் தெரிவுக்கு உதவும். இலங்கையில் சிங்கர் 1877இலேயே கால்வைத்தது. இந்தியாவில் பம்பாயைச் சேர்ந்த நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்னும் பார்சி வணிகர், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி முதல் நெடுங்காலம் அதன் முகவராக இருந்தார். தைக்காத சேலையும் வேட்டியும் உடுத்தும் மக்களிடம் தையற்பொறியை விற்பது எளிதன்று என்ற மனக்குறை அவ்வணிகத்தில் இருந்தது. இரவிக்கையும் சட்டையும் பரவியபின் அக்குறை தீர்ந்தது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1930களில் கல்கத்தாவில் தோன்றிய ஜெய் இன்ஜினியரிங் நிறுவனத்தின் உஷா அவ்விடத்தை நிரப்பியது. எனவே நம் ஊரில் கிடைக்கும் ஸ்காட்லாந்துச் சிங்கர் பெரும்பாலும் அதற்கு முற்பட்டதாகவே இருக்கும். தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்வழித் தையல் இயந்திரம் வழங்கி வந்துள்ளதும், அதைப் பிழைப்புக் கருவியாக நம் சமுதாயம் எவ்வளவு நம்புகிறது என்பதற்குச் சான்று.

இயந்திரங்களைக் கடிந்த காந்தியடிகள்கூட இதற்கு விலக்களித்தார். 1924இல், அப்போது சாந்திநிகேதனில் பயின்றுகொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று வினவியபோது, சிங்கரின் தையற்பொறியை விலக்காக எடுத்துச்சொன்னார் காந்தியடிகள். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கேட்டறிந்த கதை. பல பெண்களோடு வாழ்ந்து இருபதுக்கு மேற்பட்ட மக்களைப் பெற்ற சிங்கரின் உண்மை வாழ்க்கை அக்கதைக்குச் சற்றும் பொருந்தாது. ஆனால் ராமச்சந்திரன் விடவில்லை. அப்பொறியைச் செய்யவும் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அத்தொழிற்சாலை அரசுடைமையாக, இலாபத்துக்கன்றி மக்கள் நலத்துக்கென நடக்க வேண்டும் என்று காந்தியடிகள் விடையிறுத்தார். அந்த ராமச்சந்திரனே பின்னர் தம் துணைவியார் சௌந்தரம் அம்மையாருடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

இனி, பொறியை நேரில் காணும்போது செய்ய வேண்டுவன. கைச்சக்கரத்தைத் தைப்பவர் பக்கமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும், அல்லது கொக்கியின் அடியில் நூல் சிக்கியிருக்கும். வலிந்து திருப்பாமல், உள்ளுறுப்புகளில் மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, தையற்பொறி எண்ணெய் இட்டால் பெரும்பாலானவை உயிர்பெறும். இறுக்கம் தீரும் நோய். தேய்வோ தீராதது. ஊசித்தண்டைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் தெரிந்தால் பொறி நெடுநாள் கடையில் உழைத்து ஓய்ந்தது என்று பொருள். துணி நகர்த்தும் பற்கள் விரல்நுனியில் உறுத்த வேண்டும், மழுங்கியிருக்கலாகாது. கொக்கியின் முனை கூர்மையாக இருத்தல் வேண்டும். அடித்தட்டில் துரு இருந்தால் துடைக்கலாம். ஊசித்தண்டிலும் கூட்டிலும் துரு குழிவிழத் தின்றிருந்தால் விட்டுவிடலாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஆகவே கீழே விழுந்த பொறியா என்பதைக் கீல் பொருந்தும் பின்விளிம்பில் தேடுக.

சொந்தத் துணியும் புதிய ஊசியும் எடுத்துச் செல்வது நல்லது. மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறமாக நூல் கோத்து ஒரு சாண் தைத்தால், பொறி தன் குறையைத் தானே சொல்லிவிடும். கீழ்நூல் மேலே தலைகாட்டினாலும் மேல்நூல் அடியில் தெரிந்தாலும் இழுவிசைத் திருகைச் சற்றே திருப்பிச் சரிசெய்யலாம். திருப்பியும் மாறாவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மோட்டார் பூட்டிய பொறியாயின் கம்பியை வளைத்துப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால், புதுக்கம்பி மாற்றும்வரை மின்சாரம் கொடுக்கலாகாது. இக்கவலை இல்லாத காலால் மிதிக்கும் பொறியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மிதிபலகையையும் பெருஞ்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு உடையாதிருந்தால் போதும். தோல் வார் இன்றும் கிடைக்கிறது.

வாங்கியபின் பலர் செய்யும் கேடு, பளபளப்பாக்குவது. கறுப்புப் பூச்சின்மேலுள்ள பொன் ஓவியத்தைக் காப்பது மெல்லிய அரக்குப் படலமே. சாராயம் கலந்த துடைப்பு நீர் அப்படலத்தைக் கரைத்து ஓவியத்தையும் துணியோடு கொண்டுபோகும். தையற்பொறி எண்ணெய் தோய்ந்த பஞ்சு போதும். தேங்காய் எண்ணெய் இடும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அது நாளடைவில் பிசினாகிப் பொறியைப் பூட்டிவிடும்.

விலை பற்றி ஒரு வேடிக்கை. 2009ஆம் ஆண்டில் சவுதி அரேபியாவில், பழைய சிங்கர் பொறிகளின் ஊசியில் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்ற வதந்தி கிளம்பியது. ஊசியருகே கைப்பேசியை வைத்தால் இணைப்பு அறுபடும், அதுவே சோதனை என்றனர். காயலான் சரக்காகக் கிடந்த பொறிகளுக்கு இலட்சக்கணக்கில் விலை பேசப்பட்டது. அப்படியொரு பொருள் எந்தப் பொறியிலும் இல்லை. நம் ஊர் ‘இருடியம்’ மோசடிகளை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பொன்னிலை தீட்டிய ஒரு பழைய 15 எவ்வளவு அழகாயினும், அதன் விலை ஒரு நல்ல புதிய பொறியின் விலையைத் தாண்ட நியாயமில்லை. இக்குலத்துப் பொறிகள் உலகில் குறைவின்றி உள்ளன.

பணம் கொடுப்பதற்குமுன் மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டும். மடிப்புத் தைக்கும் பாதம், சுருக்கம் வைக்கும் கருவி, கரை கட்டும் கருவி முதலிய துணைக்கருவிகள் அங்கே இருக்கலாம். 1889இல் உரிமை பெற்று, விரித்தால் பலகைபோல் நீளும் மரப்பெட்டியில் அவை அடுக்கப்பட்டிருந்தால் அது தனி நற்பேறு. தோட்டா வடிவக் கூடும் நீள பாபின்களும் உள்ளனவா என்று 27, 28 வகைகளில் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடு இல்லாத பொறி தைக்காது, அதைத் தனியே வாங்கச் சிலவேளை பொறியின் விலையே ஆகும். தவணைச் சீட்டோ, பழைய அளவுக் குறிப்போ அடியில் கிடந்தால் அதையும் பொறியோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர்க்கு அது வெறுங்காகிதம்.